முருகன் எடுத்துக்கொள்ளாத சந்தேகம்

என் அண்ணனின் கை நடுங்க ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி மாத்திரையின் விஷம் உடம்பைவிட்டு வெளியேறுகிறது, அந்த நடுக்கமே அதற்கு அடையாளம் என்று அம்மா நம்பினார். நான் நம்பவில்லை. நம்பாததால் நான் பட்ட பாட்டையும் முருகன் செய்த உதவியையும் வெள்ளிக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து பாடும் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். "எழுது, என் பேரையும் போடு. நான் ஒன்னும் திருடல" என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

அண்ணன் பெயர் சேகர். துறைமுகத்துப் பக்கம் வெல்ட் கீயில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். அப்பா தவறிய பிறகு பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர்தான். எங்கள் தீவையும் அக்கரையையும் இணைக்கக் கடலுக்கு நடுவே பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு முதன்முதலாக நோய் வந்தது. தூக்கம் போனது. பேச்சு நிற்கவில்லை. அந்தப் பாலத்தை வரைந்ததே தான்தான் என்று டை கட்டிக்கொண்டு போய் வேலையாட்களுக்கு உத்தரவு போட்டார். முதலில் அவர்கள் சல்யூட் அடித்தார்களாம். பிறகுதான் போலீசைக் கூப்பிட்டார்கள். இப்போது இதைச் சொல்லி நாங்கள் சிரிக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

சில மாதங்களில் எல்லாம் தலைகீழானது. சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எழுந்த ஒரு நாளில் அக்கரைக்குப் போகும் பட்டர்வொர்த் பெர்ரிப் படகில் போவதும் வருவதுமாக, மாலைவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெர்ரி ஊழியர் ஒருவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றி, பக்கத்திலேயே நின்று, கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அவர் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். மனம் ஒரு சமயம் கட்டுக்கடங்காமல் மேலே ஏறும், ஒரு சமயம் அடியோடு இறங்கிவிடும் வியாதி. லித்தியம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அண்ணன் மெதுவாகப் பழைய மனிதரானார். வேலைக்குத் திரும்பினார். என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

உண்மையைச் சொன்னால், ஆஸ்பத்திரியையும் நான் முழுக்க நம்பிவிடவில்லை. போகும்போதெல்லாம் வேறு டாக்டர். முன்பு பார்த்தவர் சொன்னதை இவர் கேட்கவில்லை. எத்தனை காலத்துக்கு மாத்திரை என்று கேட்டால் நேரான பதில் வராது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், முலாம் பூசும் பகுதியில் டெக்னீஷியன். தொட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதே என் வேலை. சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. அண்ணன் எனக்கு வைத்த பெயர் 'கியூசி', அதாவது தரம் பார்க்கிறவள்.

பாலம் திறந்து வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு தைப்பூசத்துக்கு முந்திய மாதங்களில் பத்மா அக்கா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். நம் பிரார்த்தனைக் குழுவில் நன்றாகப் பாடுகிறவர். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு நாள் பச்சை லேபிள் ஒட்டிய பாட்டிலும் ஒரு கட்டு காய்ந்த இலையும் கொண்டுவந்தார். பாட்டிலில் மூலிகை மாத்திரை. இலை, மலாய்க்காரர்கள் மீசாய் கூச்சிங் என்று சொல்லும் பூனை மீசைச் செடி. கொதிக்கவைத்துத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கவேண்டும்.

"ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்மா. மனசு தானா தெளியும்" என்றார்.

"ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தணுமா அக்கா?" என்று நான் கேட்டேன்.

"நான் நிறுத்தச் சொல்லல லா. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. உடம்பு சுத்தமானா அந்த மாத்திரை தன்னால தேவைப்படாமப் போயிடும்."

அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "வாசலுக்கு ரெண்டு பூட்டுப் போட்டா தப்பா?" என்றார். அண்ணன் பெர்ரியில் நின்ற அந்த நாளை அவர் மறக்கவில்லை. அதனால் லித்தியத்தை நிறுத்த அவருக்குத் துணிவில்லை. மூலிகையை வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை. அண்ணனுக்குத் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக நேர்த்தி இருந்தது. விரதமும் மருந்தும் ஒன்றாகத் தொடங்கின.

நான் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில் 'பலவகை அரிய மூலிகைகள்' என்று மட்டும் போட்டிருந்தது. காலாவதித் தேதியின்மேல் வேறொரு தேதி ஒட்டியிருந்தது. இரண்டு மாத்திரைகளைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். ஒன்று மஞ்சள், ஒன்று பழுப்பு. இப்படி ஒரு சரக்கு எங்கள் தொழிற்சாலைக்கு வந்தால் கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டோம்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "கியூசி பாஸ் பண்ணிடுச்சா?"

"ரிஜெக்ட்."

"உன்கிட்ட கொடுத்தா சாமி பிரசாதமே ரிஜெக்ட்தான்."

பத்மா அக்காவிடமே நேராகக் கேட்டேன். "அக்கா, ஒரு பாட்டிலுக்கு உங்களுக்கு என்ன கமிஷன்?"

அவர் முகம் சுருங்கியது. "நான் வியாபாரம் பண்ண வரல புவனா" என்றார். அதையும் நான் நம்பவில்லை. இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு விற்பார்கள் என்று நினைத்தேன்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கை நடுக்கம் வந்தது. காபி தட்டில் சிந்தியது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். பேச்சில் ஒரு குழறல். மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டிய நாளில், விரதத்தில் ரத்தம் எடுக்கவேண்டாம், பூசம் முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டார்.

"பயப்படாதீங்க. விஷம் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும்" என்று பத்மா அக்கா சொன்னார். கற்பூரம் ஏற்றியது அந்த வெள்ளிக்கிழமைதான்.

அண்ணனின் அலுவலகத்தில் யாரும் கற்பூரம் ஏற்றவில்லை. காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று பேசிக்கொண்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர்.

நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். மூலிகை மாத்திரையில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகம். ஆஸ்பத்திரியில் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம். அம்மா என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகம். நான் சமையலறைக்குள் போனால் அம்மா பாத்திரத்தை மூடினார். "ஒன்னுமில்ல, நீ போய் குளி" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணனைக் கூப்பிட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புவனா, எனக்குப் பொண்ணு குடுக்க வந்தவங்க ஏன் திரும்பி வரலன்னு உனக்குத் தெரியும். இந்த மாத்திரை இல்லாம ஒரு வருஷம் இருந்து காட்டணும். அவ்வளவுதான் கேக்குறேன். நீ குறுக்க நிக்காதே."

என்னிடம் இருந்தது சந்தேகம் மட்டும். காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, பாட்டு முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பத்மா அக்கா என் தோளைத் தொட்டார். "கோச்சிக்காதே. ஒன்னு சொல்றேன். உன் சந்தேகம்தான் தடுக்குது. வீட்டுல ஒருத்தர் நம்பலன்னா வேண்டுதல் எப்படிப் பலிக்கும்?"

அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. இந்தக் குணத்தால்தான் அண்ணன் குணமாகவில்லையோ? எல்லோரும் கண்ணீரோடு வேண்டிக்கொள்ளும்போது நான் மட்டும் லேபிள் படித்துக்கொண்டிருக்கிறேனோ?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகத் தண்ணீர்மலைக்குப் போனேன். படியேறி முருகன் முன்னால் நின்றேன். அர்ச்சனைச் சீட்டில் அண்ணன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். பிறகு மனத்துக்குள் இரண்டு வேண்டுதல் வைத்தேன். "முருகா, என் அண்ணனைக் காப்பாற்று. இந்தச் சந்தேகத்தை என்னிடமிருந்து எடுத்துவிடு. மற்றவர்களைப் போல் எனக்கும் நம்ப வரட்டும்." அழுகை வந்தது. பக்கத்தில் ஒருவர் தேங்காய் உடைத்த தண்ணீர் என் காலில் தெறித்தது. கீழே இறங்கியபோது சந்தேகம் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கனத்ததுபோல் இருந்தது. என் வேண்டுதல் கேட்கப்படவில்லை என்றே நினைத்தேன்.

மறுநாள் தொழிற்சாலைக் கேன்டீனில் டிபன் கேரியரைத் திறந்தேன். சோறு, பருப்பு, சுரைக்காய்க் கூட்டு. ஒரு வாய் வைத்தேன். ஒரு சுவையும் இல்லை. என்னோடு வேலை செய்யும் மாலதி என் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது? கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் சமையலா? உப்பே இல்ல."

அம்மா சமையலில் உப்பு மறந்து நான் பார்த்ததில்லை. கேரியரைத் திருப்பிப் பார்த்தேன். என்னுடையது இல்லை. அண்ணனுடையது. காலையில் மாறிப்போயிருக்கிறது.

கேன்டீன் வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா பதறினார்.

"ஐயோ, மாத்திட்டேனா! அப்போ உன் சாப்பாடு அவன்கிட்டயா? அதுல உப்பு இருக்கே! பத்தியம் கெட்டுடுமே!"

"என்ன பத்தியம்மா?"

அம்மா பேச்சை மாற்றப் பார்த்தார்.

"அம்மா, என்ன பத்தியம்?"

"உப்பு, புளி சேக்கக் கூடாது. மருந்துக்குப் பத்மா சொன்னா. விரதத்தோட சேர்ந்து போகட்டும்னு அண்ணனும் சரின்னுட்டான். உன்கிட்ட சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பேன்னுதான்…"

"எப்போலேர்ந்து?"

"மருந்து ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

ரிசீவரை வைத்தேன். எங்கள் முலாம் தொட்டிகளில் சில சமயம் ரசாயனத்தின் அடர்த்தி ஏறிவிடும். யாரும் கூடுதலாக ஊற்றியிருக்கமாட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் ஊற்றினார்கள் என்று ஆளைத் தேடுவார்கள். நாங்கள் அப்படித் தேடமாட்டோம். தொட்டியிலிருந்து என்ன குறைந்தது என்று பார்ப்போம். பெரும்பாலும் தண்ணீர் ஆவியாகியிருக்கும். இத்தனை நாள் நான் அண்ணன் உடம்புக்குள் என்ன சேர்ந்தது என்பதையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என்ன குறைந்தது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. முதன்முதலில் லித்தியம் கொடுத்த அன்று நர்ஸ் ஒருவர் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே வேகமாகச் சொன்னார்: "தண்ணி நல்லாக் குடிக்கணும், வழக்கமா சாப்பிடற உப்பைக் குறைக்கக் கூடாது." உப்பை ஏன் சொல்கிறார் என்று அன்றைக்கே எனக்கு ஒரு உறுத்தல். கேட்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அண்ணனின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணன் வாந்தி எடுத்துட்டு ஸ்டோர் ரூம்ல உக்காந்திருக்காரு. பாஸ் வேற மாதிரி நினைக்கிறாரு. நீங்க வந்து கூட்டிட்டுப் போறது நல்லதும்மா."

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு டாக்சி பிடித்தேன். அண்ணன் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் டிபன் கேரியர், திறக்காமலே இருந்தது. அதன் கொக்கியைத் தூக்கக்கூட அவர் விரல்களால் முடியவில்லை. என்னைப் பார்த்து, "கியூசி… வந்துட்டியா" என்றார். நாக்கு புரளவில்லை. நானும் டாக்சிக்காரரும் இரண்டு பக்கமும் தாங்கி அழைத்துப் போனோம்.

அவசரப் பிரிவில் ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவரும் முதலில் அண்ணனின் வாயை முகர்ந்து பார்த்தார். நான் குறுக்கிட்டேன். லித்தியம் சாப்பிடுகிறார், பல வாரமாக உப்பே இல்லை, தண்ணீருக்குப் பதில் மீசாய் கூச்சிங், ரத்தம் பார்க்காமல் தள்ளிப்போயிருக்கிறது, இதுதவிர பெயர் தெரியாத ஒரு மூலிகை மாத்திரை என்று வரிசையாகச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார். உண்மையாகவே ஓடினார்.

ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். பூனை மீசை உடம்பிலிருந்து நீரை இறக்கும் இலை, அதுவும் சேர்ந்துகொண்டது.

"இப்படியே இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மூளை, கிட்னி ரெண்டும் கெட்டிருக்கும். ஆளே போயிருக்கலாம்" என்றார்.

அம்மா வந்தபோது அண்ணன் கையில் ஊசி ஏறியிருந்தது. மேலே தொங்கிய பையைப் பார்த்து, "அது என்ன மருந்து?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. "உப்புத் தண்ணிம்மா."

அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் கையாலயே உப்பை எடுத்தேனே. என் கையாலயே எடுத்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்மா அக்காவும் வந்தார். டாக்டர் கேட்டார் என்பதற்காகப் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லதா கெட்டதான்னு கேக்காதீங்க. இதுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல. அதான் சிக்கல்."

பத்மா அக்கா என்னிடம், "நான் அவனைக் கொல்லவா பாத்தேன் புவனா?" என்று கேட்டார். அவர் கைப்பையில் அதே பாட்டில் இன்னொன்று பாதி காலியாக இருந்தது. கணவர் இறந்த பிறகு தூக்கமில்லாமல் அவரே அதைத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார். கமிஷன் எதுவும் இல்லை. தனக்குக் கிடைத்ததாக நினைத்த நிம்மதியை எங்களுக்கும் கொடுக்க வந்திருக்கிறார். அவரைப் பற்றிய என் சந்தேகம் தவறு. பாட்டிலைப் பற்றிய சந்தேகம் இன்றும் எனக்குப் போகவில்லை.

அண்ணன் பிழைத்தார். நடுக்கம் நின்றது. லித்தியத்தைச் சில நாள் நிறுத்தி, பிறகு ரத்தம் பார்த்துப் பார்த்து, குறைந்த அளவில் மறுபடி கொடுத்தார்கள். டாக்டர் கொடுத்த கடிதத்தைப் படித்த பிறகு அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது. மாத்திரை வேண்டாம் என்று அவர் அதன்பிறகு கேட்கவில்லை. "கண்ணாடி போட்டவன் கண்ணாடி இல்லாம நடந்து காட்டறேன்னு ரோட்டுல இறங்குவானா?" என்று அவரே இப்போது மற்றவர்களிடம் சொல்கிறார்.

சந்தேகத்தை எடுத்துவிடு என்று மலைமேல் நின்று அழுதேனே, அதை முருகன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த உப்பில்லாத சோற்றை, அம்மா மறந்துவிட்டார் என்று மாலதியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே தின்று முடித்திருப்பேன். என் இரண்டு வேண்டுதலில் ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்பதற்காக மற்றொன்றை அவர் மறுத்தார். எங்கள் அம்மா இத்தனை வருடத்தில் ஒரு நாளும் மாற்றாத டிபன் கேரியரை அந்தத் திங்கட்கிழமை மாற்றியதும் அவர்தான். வெறும் கைத்தவறு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எல்லாவற்றையும் சந்தேகப்படும் நான் இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். வெளியே சொல்லாமல் வைத்திருக்கலாம். முருகனிடம் சொல்லுங்கள். முழு மனத்தோடு சொல்லுங்கள். அதே வாயால் டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்: குடிக்கும் கஷாயம், இருக்கும் விரதம், விலக்கும் சாப்பாடு, எதையும் விடாமல். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வீட்டில் கேள்வி கேட்கிறவர் ஒருவர் இருந்தால், அவரைப் பார்த்துப் பாத்திரத்தை மூடாதீர்கள். பத்மா அக்காவிடம் இப்போது யாராவது மூலிகை கேட்டால், "ஆஸ்பத்திரி மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா? முதல்ல அங்க கேட்டுட்டு வாங்க லா" என்றுதான் சொல்கிறார்.

விரதம் பாதியில் முறிந்ததே என்று அம்மா மனம் கலங்கினார். அண்ணன்தான் வழி சொன்னார். அடுத்த தைப்பூசத்திலிருந்து பால்குடத்துக்குப் பதிலாக, மலைக்குப் போகும் சாலையில் எங்கள் குடும்பம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறது. காவடி எடுப்பவர்களுக்கும் அவர்களோடு நடப்பவர்களுக்கும் நீர்மோர். கலக்குவது அண்ணன். போன பூசத்தில் பெரிய பானையைக் கலக்கிவிட்டு, ஒரு குவளையை நடுக்கமில்லாத கையால் என்னிடம் நீட்டினார்.

"கியூசி, உப்பு சரியா இருக்கான்னு பாரு."

குடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பானையின் அடியிலிருந்து இன்னொரு குவளை எடுத்துக் குடித்துப் பார்த்தேன்.